கொழுத்த பாம்பு நலமான பாம்பு அல்ல

‘எப்போது எலி போட்டாலும் விழுங்கிவிடுகிறது, ஆறே மாதத்தில் இரண்டு மடங்காகிவிட்டது’ என்று ஒருவர் தன் பாம்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ‘மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை’ என்று இன்னொருவர் சொன்னால் முகங்கள் மாறுகின்றன. ஆளுக்கொரு யோசனை வருகிறது: பெரிய எலியாகக் கொடு, உயிரோடு விடு, வாயைத் திறந்து உள்ளே தள்ளு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகர் அடுக்குமாடி வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பந்து மலைப்பாம்பு வளர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களிடையே நிலவும் நம்பிக்கை இது. தின்றால் நலம், மறுத்தால் நோய், எடை ஏறினால் வளர்ப்பவரின் வெற்றி. இந்த மூன்றுமே தவறு. தவறு என்பதோடு நில்லாமல், அன்பின் பெயரால் பாம்புகளைக் கொல்கிற தவறு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல பாம்பு, சாரை, இந்திய மலைப்பாம்பு, மண்ணுளி என நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துவிட்டன. வளர்க்கலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட உயிர் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு, எப்போது என்பதுதான் என் பேச்சு.

‘கொடுத்தால் தின்கிறது, ஆகவே அதற்குப் பசி’ என்பது இந்த நம்பிக்கையின் அடித்தளம். நம் வயிற்றை வைத்துப் பாம்பின் வயிற்றை அளக்கும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. நமக்குக் காலையில் சாப்பிட்டது மதியத்துக்குள் கரைந்துவிடும். உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை அது வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அசையாமல் கிடக்கும் ஒரு பாம்பு, தன் எடையுள்ள பாலூட்டி ஒன்று செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. மலைப்பாம்புகளோ இரையைத் துரத்திப் பிடிப்பவையும் அல்ல. ஓரிடத்தில் பதுங்கி, இரை வரும்வரை நாள்கணக்கில் காத்திருப்பவை. அடுத்த இரை எப்போது வரும் என்ற உறுதி காட்டில் இல்லை. ஆகவே கிடைத்தபோது விழுங்கு என்பதே அவற்றின் உடலில் எழுதப்பட்ட விதி. பெட்டிக்குள் வாரம் தவறாமல் எலி வந்து விழும் என்று அந்த உடலுக்குத் தெரியாது. விழுங்கியது பசியின் அடையாளம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது பஞ்சத்துக்கு அஞ்சும் உடலின் பழக்கம்.

விழுங்கிய பிறகு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அவசரம் தானாகவே அடங்கும். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் செகோர் பர்மிய மலைப்பாம்புகளை வைத்துப் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. வெறும் வயிற்றில் கிடக்கும் மலைப்பாம்பின் குடல் சுருங்கிக் கிடக்கிறது. இரைப்பையில் அமிலம்கூடச் சுரப்பதில்லை. பெரிய இரை ஒன்று உள்ளே போனதும் ஓரிரு நாளில் குடலின் எடை இரட்டிப்பாகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் பருக்கின்றன, உடலின் ஆற்றல் செலவு ஓய்வு நிலையைப் போல நாற்பது மடங்குவரை எகிறுகிறது. இதயமே பெரிதாவதாக 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செரித்து முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்குகின்றன. ஒவ்வொரு வேளை உணவும் பாம்பின் உடலுக்கு ஒரு பெரிய வேலை. இரண்டு வேளைகளுக்கு நடுவே வரும் பட்டினி அந்த வேலையிலிருந்து கிடைக்கும் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு முறை எலி போடுபவர் அந்த ஓய்வைப் பறிக்கிறார்.

‘மறுத்தால் நோய்’ என்ற இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். 2007இல் மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் தன் சோதனை முடிவுகளை வெளியிட்டார். பந்து மலைப்பாம்பு, அமெரிக்க எலிப்பாம்பு, கிலுகிலுப்பைப் பாம்பு என்ற மூன்று இனங்களில் 62 பாம்புகள்; ஏறத்தாழ ஆறு மாதம் உணவில்லை. அவை தம் ஆற்றல் செலவை 72 விழுக்காடுவரை குறைத்துக்கொண்டன. பட்டினி கிடந்த அந்த மாதங்களில் அவற்றின் நீளம் சற்று கூடியும் இருந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுப் பாம்பை ஆறு மாதம் பட்டினி போடச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கே கலங்கிப்போய் அதன் வாயைப் பிளக்கும் கைகளை நிறுத்தச் சொல்கிறேன். பந்து மலைப்பாம்பு, குறிப்பாக வளர்ந்த ஆண், இனச்சேர்க்கைக் காலத்தில் பல மாதங்கள் உண்ணாமல் இருப்பது இயல்பு. கருவுற்ற பெண்ணும் உண்ண மறுக்கும். சட்டை உரிக்கும் முன் கண் பால்படிந்தது போல வெளுத்திருக்கும் நாட்களில் பெரும்பாலான பாம்புகள் எதையும் தொடா. வந்து ஒரு வாரமே ஆன பாம்பு புது இடத்தில் அஞ்சிக் கிடக்கும். இத்தனை காரணங்களையும் தாண்டித்தான் நோய் என்ற காரணத்துக்கு வர வேண்டும்.

வாயைத் திறந்து எலியைத் தள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அனுபவமுள்ள மருத்துவர் கையில் அது கடைசி வழி. படம் பார்த்துக் கற்றுக்கொண்டவர் கையில் அது உணவுக்குழாயில் கீறல், வாயில் புண், அச்சத்தில் விழுங்கியதைக் கக்கிவிடும் பாம்பு. உயிரெலியை விட்டுவிட்டுத் தூங்கப் போவதும் அதே அளவு கொடுமை. பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துத் தின்றுவிடும். எலும்பு தெரியும் அளவு புண்ணோடு பாம்புகள் மருத்துவரிடம் வருகின்றன. கொன்ற எலியை, உறைய வைத்திருந்தால் முழுதும் உருக்கி வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டுவதே சரியான முறை.

இனி எடைக் கணக்கு. 1,500 கிராம் எடையுள்ள வளர்ந்த பந்து மலைப்பாம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது 75 கிராம் எலி ஒன்று, இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் சுமார் 1.3 முதல் இரண்டு கிலோவுக்குள் வரும்; தன் எடைக்குச் சற்று முன்பின்னாக. இப்போது, ‘நன்றாகச் சாப்பிடுகிறது’ என்று பெருமைப்படுபவர் போடும் 200 கிராம் எலியை வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போடுங்கள். ஆண்டுக்குப் பத்து கிலோவைத் தாண்டுகிறது. நாள் முழுவதும் ஒரு பானை அகலத்துக்குள் சுருண்டு கிடக்கும் உயிர், தன்னைப் போல ஏழு மடங்கு எடையை ஓராண்டில் உள்ளே வாங்குகிறது. அது எங்கே போகும்?

முதலில் வயிற்றுக்குள், உடலின் பின்பாதி நெடுக, கொழுப்புப் பட்டைகளாகப் படிகிறது. பிறகு கல்லீரலில். கல்லீரல் கொழுத்த பாம்பு வெளியே பார்க்கப் பளபளப்பாகவும் பருமனாகவும் இருக்கும், புகைப்படத்துக்கு அழகாகவும் இருக்கும். ஒரு நாள் உண்பதை நிறுத்தும். பதற்றத்தில் இன்னும் பெரிய எலியாகக் கொடுப்பார்கள். பல மாதம் உண்ணாமல் இருந்தாலும் தாங்கக்கூடிய இனம்தான், ஆனால் கொழுத்த கல்லீரலால் அந்தக் கொழுப்பையே கையாள முடியாமல் போகிறது. பாம்பு இறந்துபோகிறது. இப்படி இறந்த பாம்பைப் பற்றி ‘திடீரென்று போய்விட்டது’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளாக, வாரம் ஒரு எலியாக நடந்தது அது. நன்றாகப் பராமரித்தால் இருபது முப்பது ஆண்டு வாழக்கூடிய இனம் இது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பந்து மலைப்பாம்பு, அறுபது வயதைக் கடந்தபின் 2020இல் முட்டையிட்டது. அந்த ஆயுளோடு ஒப்பிட்டால், ஐந்து ஆறு வயதில் கொழுப்பால் சாகும் பாம்பு குழந்தைப் பருவத்தில் சாகிறது என்றே சொல்லலாம்.

அப்படியானால் நலமான எடை எது? கடைக்காரர் சொல்லும் கிராம் கணக்கில் அது இல்லை. பாம்பின் உடல்வாகில் இருக்கிறது. உடலைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போல மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நலமான பந்து மலைப்பாம்பு முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். மேலே முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படும், கண்ணுக்குக் கத்தி போலத் துருத்தாது. பக்கங்கள் உருண்டிருக்கும். கொழுத்த பாம்பு முழு வட்டமாகிவிடும்; முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும்; வளையும் இடங்களில் மடிப்பு மடிப்பாகச் சதை பிதுங்கும்; சாப்பிட்டு நாளானபிறகும் செதில்களுக்கு இடையே தோல் தெரியும்; வால் தொடங்கும் இடம் சட்டென்று குறுகும். ஒல்லிப் பாம்பில் முதுகுக்கோடு கூரை முகடு போல நிற்கும், தோல் நீளவாக்கில் மடியும். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை எடுத்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். சாப்பிடாத காலத்தில் எடை அதிகம் இறங்காமல் நின்றால் பாம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டால், அல்லது வாயில் சளி நுரை, மூச்சில் விசில் சத்தம், உடலில் உண்ணி தென்பட்டால், ஊர்வனவற்றில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

‘நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் செரித்துவிடும், அதனால் கூடுதலாகக் கொடுக்கலாம்’ என்று ஒரு மறுப்பு அடிக்கடி வருகிறது. இதில் பாதி உண்மை உண்டு. சூடு கூடினால் செரிமானம் விரையும். ஆனால் விரைவாகச் செரித்தது செலவாகிவிட வேண்டுமே. பெட்டிக்குள் கிடக்கும் பாம்பு அதை எதில் செலவிடும்? சேமிக்கத்தான் செய்யும். இன்னொன்று, வீட்டுக்குள் இருப்பது நம் ஊர் வெயில் அல்ல. மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழிருக்கும் அறை தாங்க முடியாமல் கொதிக்கிறது. மாலையில் ஏசி போட்டால் இருபத்துநான்கு பாகைக்கு இறங்குகிறது. இரவு முழுக்க அந்தக் குளிரில், வயிற்றில் எலியோடு கிடக்கும் பாம்பின் செரிமானம் மந்தமாகிறது. எலி உள்ளேயே அழுகக்கூடும். அப்போது பாம்பு அதைக் கக்கிவிடும். பெட்டியின் ஒரு முனையில் முப்பத்தொன்று முப்பத்திரண்டு பாகை, மறுமுனையில் இருபத்தைந்து இருபத்தாறு என்று இரண்டையும் வைத்து, எங்கே படுப்பது என்பதைப் பாம்பின் விருப்பத்துக்கு விட வேண்டும். சாப்பிடவில்லை என்ற புகாரின் வேர் பெரும்பாலும் எலியில் இருப்பதில்லை, வெப்பமானியில் இருக்கிறது.

உண்மையாகவே மெலிந்த பாம்பின் நிலை வேறு. அதை மறைத்து என் வாதத்தை வெல்ல எனக்கு விருப்பமில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பிடிக்கும் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் உடைமையில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. பிளாஸ்டிக் டப்பாக்களில், தண்ணீரின்றி, விமானத்தின் சரக்கறைக் குளிரில் வரும் உயிர்கள். பிடிபடாமல் தப்பி வருபவைதான் சுற்றிச்சுற்றி நம் புறநகரின் சில வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. எலும்பும் தோலுமாக வரும் அப்படிப்பட்ட பாம்பைக் கண்டதும் யாருக்கும் மனம் பதறும், பெரிய எலியாக ஒன்று கொடுத்துவிடத் தோன்றும். அதுதான் அதைக் கொல்லும். முதலில் வேண்டியது தண்ணீர். உடல் நனையும்படி ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம். பிறகு வெப்பம். பிறகு ஒளிந்துகொள்ள இருட்டான ஒரு மூலை. நான்கைந்து நாள் யாரும் தொடாத அமைதி. அதன்பிறகே உணவு, அதுவும் வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாக, உடலின் தடிமனைவிட மெல்லிய சின்ன எலி. அது தங்கிச் செரித்து, மலம் வந்த பிறகு அடுத்தது. கக்கிவிட்டால் இரண்டு வாரம் எதுவும் தரக்கூடாது. வயிற்றின் அமிலமும் சவ்வும் மீள அவ்வளவு நாள் வேண்டும். மெலிந்த பாம்பை எடைக்குக் கொண்டுவருவது பல மாத வேலை. அதை ஒரு மாதத்தில் முடித்துக் காட்டுவது திறமை அல்ல.

உணவு ஊட்டுவதே கருணை என்ற எண்ணம் கண்ணாடிப் பெட்டிக்காரர்களோடு பிறந்ததில்லை. ஆடி வெள்ளிகளில் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் தெருமுனைப் புற்றுகளில் பால் வழிகிறது. அம்மனுக்குப் படைப்பது பக்தரின் உரிமை, அதில் தலையிட எனக்கு வேலை இல்லை. ஆனால் ‘பாம்பு பால் குடிக்கும், குடித்தால் அதற்கு நல்லது’ என்பது பாம்பைப் பற்றிய கூற்று. அதைப் பாம்பின் உடலை வைத்தே சோதிக்க வேண்டும். பால் பாலூட்டிகளின் குட்டிகளுக்கான உணவு. பாம்புக்குப் பாலைச் செரிக்கும் ஏற்பாடு இல்லை. பாம்பாட்டியின் கூடையிலிருக்கும் நாகம் பால் குடிப்பதைப் பார்த்தேன் என்பவர்கள் பார்த்தது உண்மைதான். நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு, முன்னால் எந்தத் திரவம் வந்தாலும் குடிக்கும். குடித்த பால் குடலைக் கெடுக்கும், மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் நோயாகும். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் ஏறியது நமக்கு மறக்காது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் ஏறி வரும் சாரையை வாளியால் மூடிவிட்டு, பாவம் என்று ஒரு கிண்ணம் பாலும் உள்ளே வைக்கும் நல்ல மனங்கள் இருக்கின்றன. அந்தப் பாம்புக்கு வேண்டியது பால் அல்ல, வனத்துறையினரோ தீயணைப்புத் துறையினரோ வரும்வரை தொந்தரவில்லாத இருட்டு.

இந்த வட்டாரத்துக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம் தருகிறது. இந்தியாவின் முதல் பாம்புப் பண்ணையை ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது சேலையூரில்தான்; 1972இல்தான் அது கிண்டிக்கு இடம் மாறியது. பாம்பைச் சரியாகப் பார்க்கச் சென்னைக்குக் கற்றுத்தந்த இடம் தாம்பரத்துக்கு அடுத்த தெரு. வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. பாம்பின் பழக்கத்தை மண்ணில் கிடக்கும் தடத்தை வைத்தே சொல்லக்கூடிய மனிதர்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, பாம்புக்கு எவ்வளவு தீனி என்பதைக் கைப்பேசித் திரையில் வரும் முப்பது நொடிப் படங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எடைக்கு ஆசைப்படும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மண்ணுளிப் பாம்பின் வால் மழுங்கியிருப்பதால் அதற்கு இரண்டு தலை என்றும், அது வீட்டில் இருந்தால் செல்வம் குவியும் என்றும் நம்பவைத்து நடக்கும் திருட்டு வணிகத்தில், விலை எடைக்கு எடை ஏறுகிறது. மூன்றடிக்கு மேல் அரிதாகவே வளரும் அந்தச் சாதுவான உயிரை, தராசு முள்ளை நகர்த்துவதற்காகத் திணித்துத் திணித்து வளர்க்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கார இளைஞரை அந்தத் திருடர்களோடு நான் சேர்க்கவில்லை. அவர் தன் பாம்பை நேசிக்கிறார். ஆனால் பெண் பாம்பு சீக்கிரம் 1,500 கிராமைத் தொட்டால் சீக்கிரம் முட்டையிடும், குட்டிகளை விற்கலாம் என்று அதே இளைஞருக்குத் தீனியைக் கூட்டச் சொல்லிக்கொடுக்கும் விற்பனையாளரை, அந்த வணிகத்திலிருந்து வெகுதூரத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று நான்கு ஆண்டில் நிதானமாக எட்ட வேண்டிய எடையை ஒன்றரை ஆண்டில் எட்டவைத்து, வளர்ந்து முடியாத உடலில் முட்டை சுமக்க வைப்பது வளர்ப்பு ஆகாது.

வேகமாகப் பெருத்த பாம்பு வீட்டுக்குப் பெரிதாகிவிடும் என்ற சிக்கலும் உண்டு. பந்து மலைப்பாம்பு நாலைந்து அடியோடு நின்றுவிடும். ஆனால் அதோடு சேர்ந்து இப்போது வாங்கப்படும் பெரிய இனங்கள் நிற்பதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்பு வணிகம் வழியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காட்டுக்குள் பரவி, அங்கிருந்த பாலூட்டிகளைப் பெருமளவு அழித்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து இருளர் பாம்புபிடிப்பவர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் யாரோ காட்டில் விட்ட பாம்புகளின் வழித்தோன்றல்களைப் பிடிக்கப் பூமியின் மறுபக்கம் வரை இருளர்கள் போக வேண்டியிருந்தது. நன்மங்கலம் காப்புக்காடும் பள்ளிக்கரணைச் சதுப்பும் நம் கொல்லைப்புறத்தில் இருக்கின்றன. மாதம் இரு எலி போதும் என்று சொல்லிக்கொடுக்காத விற்பனையாளர், அந்தப் பாம்பு பெருத்து வேண்டாததாகும் நாளில் எங்கே விடப்படும் என்பதற்கும் பொறுப்பாளி.

மார்கழி வரும். இரவு இருபத்தொரு பாகைக்கு இறங்கும். தாம்பரத்துப் பெட்டிகளில் பல பாம்புகள் எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்போது செய்ய வேண்டியவை சில: சூடான முனை முப்பத்தொன்றில் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரை மாற்றுங்கள், எடையைக் குறியுங்கள், எலியை எடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை காட்டுங்கள். மறுத்தால் மறுபடி இரண்டு வாரம். எடை நிற்கிறது, மூச்சு சுத்தமாக இருக்கிறது என்றால் மாசி பங்குனி வரைகூடக் காத்திருக்கலாம்.